படையல் இதழுக்கு வந்த பதில்

கிட்ட வந்து இருங்கள் பிள்ளைகளே. பாயின் ஓரத்தில் குந்தியிருந்தால் கதை பாதி வழியில் வழுக்கி விழுந்துவிடும். இன்றைக்கு ஒரு சமையல் புத்தகத்தின் கதை சொல்கிறேன். சமையல் புத்தகத்தில் என்ன கதை இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம். அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு தாய் கிளிநொச்சியில் ஒரு கடைவாசலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். ஏன் இருந்தாள், எப்படி எழும்பினாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கிளிநொச்சியில் யதுர்ஷிகா என்று ஒரு பிள்ளை. முப்பது வயது இன்னும் ஆகவில்லை. பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கையில், கனகலிங்கத்தாரின் போட்டோக்கொப்பிக் கடைக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, 'உலைமூடி' என்று ஒரு சஞ்சிகை தொடங்கினாள். உணவுச் சஞ்சிகைதான். ஆனால் அதில் கேக் இல்லை, ஐஸிங் இல்லை, அரைத் தேக்கரண்டி கால் தேக்கரண்டி என்ற அளவுகூட இல்லை. ஒவ்வொரு இதழிலும் ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு வன்னியில் உள்ள வீட்டார் என்ன சொன்னார்களோ அதைச் சொன்ன வாக்கிலேயே போடுவாள். பக்கத்தில் ஒரு படம். அவ்வளவுதான்.

முதல் இதழின் கேள்வி, 'எந்த வீட்டில் நீங்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டீர்கள்?' புத்தகக் கடைக்காரர் ஒருவர் கட்டை அவிழ்க்காமலே திருப்பி அனுப்பினார். இரண்டாம் இதழின் கேள்வி, 'கடைசியாகப் பசியோடு படுத்த அன்று வீட்டில் என்ன இருந்தது?' அதற்குப் பிறகு யதுர்ஷிகாவின் கைப்பேசி ஓயவில்லை. ஆட்கள் எழுதி அனுப்பவில்லை, குரலாக அனுப்பினார்கள். அவளும், படம் எடுத்துப் பக்கம் கட்டுகிற விசுவமடுப் பெடியன் ரூபனும் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

"தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற அதிபர் கதைக்கிறன். உது சமையல் புத்தகமோ, சண்டைப் புத்தகமோ? மனிசிக்கு ரோல்ஸ் பழகத்தான் வாங்கிக் குடுத்தனான். இப்ப அவா அடுப்பு மூட்டாமல் இருந்து அழுகிறா. மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்கட கந்தோருக்கு வரட்டோ?"

"பிள்ளை, நான் பூநகரியிலயிருந்து. என்ர நண்டுக் குழம்புக்கு முருங்கையிலை போடச் சொன்னனான், நீங்கள் விட்டிட்டியள். என்ர மாமி எனக்குச் சமைக்கத் தெரியாதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. முப்பது வருசமா அவாவுக்குத் தெரிஞ்சதை நீங்கள் அச்சடிச்சுக் குடுத்திட்டியள்."

ரூபன் விழுந்து விழுந்து சிரிப்பான். யதுர்ஷிகாவும் சிரிப்பாள். திட்டோ புகழோ, பதில் வருகிறதே என்று மனம் குளிரும். அந்தக் குளிர்ச்சியில்தான் மூன்றாம் இதழைச் செய்தாள். படையல் இதழ்.

படையல் உங்களுக்குத் தெரியாததல்ல. செத்துப்போனவருக்கு என்ன பிடிக்குமோ அதைச் சமைத்து, தலைவாழையிலையில் வைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்து, விளக்கைக் கொளுத்தி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் வீட்டார் தின்பார்கள். 'உங்கள் வீட்டுப் படையலில் என்ன வைப்பீர்கள்?' என்பது யதுர்ஷிகாவின் கேள்வி. சாராயப் போத்தல் முதல் கச்சான் அல்வா வரை பதில் வந்தது. பேர் வேண்டாம் என்றவர்களுக்குப் பேர் போடவில்லை. சொன்ன சாப்பாட்டை எல்லாம் சமைத்து, அறையின் பின்பக்கத்தில் இலை விரித்து, அவளுடைய தாயின் குத்துவிளக்கை ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் வைத்துக் கொளுத்தி, ரூபன் படம் எடுத்தான். எல்லாப் பக்கங்களும் ஒரே மாதிரி இருந்தன. அச்சாகி வந்தபோது இருவரும் பேசாமல் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு வடிவு.

அதில் ஒரு பக்கம், 'ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு தகப்பன்'. குரக்கன் புட்டும் விளாம்பழச் சம்பலும். விளாம்பழத்தை உடைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியும் நொறுக்கிப் போட்டுப் பிசைவது.

இதழ் கடைகளுக்குப் போன அந்த வாரத்தில் வந்த குரல்கள் எல்லாம் அழுகையும் நன்றியும்தான். பிறகு ஒரு பின்னேரம், தெரியாத ஒரு ஆணின் குரல் வந்தது.

"ஸ்கந்தபுரத்துத் தகப்பன் எண்டு போட்டிருக்கிறியள். அது எங்கட செல்வநாயகத்தாற்ற மகன் கிருசாந்தன்தானே? குரக்கன் புட்டுக்கு விளாம்பழம் திண்டவன் எங்கட ஊரிலை அவன் ஒருத்தன்தான். பள்ளிக்கூடத்துக்குக்கூட மடியிலை விளாம்பழம் கட்டிக்கொண்டு வாறவன். அப்ப பெடியன் இல்லை எண்டு வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்திட்டினம் போல. நல்லது. எத்தினை நாளைக்கெண்டுதான் தேடுறது."

ரூபன் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, தேடுறதெண்டு சொல்லுறார். அது காணாமல்போன பிள்ளையோ?"

யதுர்ஷிகா இதழை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"நீங்கள் அந்த ஐயாவிட்டைக் கேட்கேல்லையா?"

"கேட்டனான். மகன் எப்ப எண்டு கேட்டனான். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி எண்டார். நான் சரி ஐயா எண்டன்."

"அதுக்கு மேலை?"

"அதுக்கு மேலை என்னெண்டு கேட்கிறது, ரூபன்?"

அவனும் கேட்டிருக்க மாட்டான். வேறு ஊர்க்காரர் என்றால் எப்படிச் செத்தார், எங்கே செத்தார் என்று கேட்பார்கள். வன்னியில் சண்டை முடிந்த அந்த வருசத்தையும் மாதத்தையும் ஒருவர் சொன்னால் மற்றவர் குனிந்து நிலத்தைப் பார்ப்பார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்பது புண்ணில் விரல் விடுவது. இது எங்கள் மரியாதை. அந்த மரியாதையில்தான் யதுர்ஷிகாவும் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டாள். படையல் இதழுக்குத் தகப்பனே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்கிறார் என்றால் அந்த வீட்டில் படைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை, கனகலிங்கத்தார் கடை திறந்து மெசினைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, கறுப்புக் குடையும் ஒரு கைப்பையுமாக ஒரு அம்மா வந்தா. வெயிலில் கறுத்து மெலிந்த உடம்பு. நெற்றியில் பொட்டு. சத்தம் போடாமல் பின்னறைக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பையிலிருந்து படையல் இதழை எடுத்து மேசையில் விரித்தா. விரித்த இடத்தில் குரக்கன் புட்டு இருந்தது.

"நான் கமலாட்சி. கிருசாந்தன்ர தாய்."

யதுர்ஷிகா எழும்பினாள். "அம்மா, நான்..."

"இரு பிள்ளை. நான் கத்த வரேல்லை. கத்தி எனக்குத் தொண்டை எப்பவோ போட்டுது." அவா விரலால் படத்தைத் தொடாமல் அதன் மேலே காட்டினா. "இதைப் பார்த்திட்டு முந்தநாள் பக்கத்து வீட்டுக்காரி சீனியும் தேயிலையும் கொண்டு வந்தவள். செத்த வீட்டுக்குக் கொண்டு வாறது போல. நேற்று அரசாங்கக் கந்தோர் ஒண்டிலையிருந்து ரெலிபோன். 'அம்மா, வீட்டிலை படையல் எல்லாம் செய்திட்டீங்களாம். பிறகென்ன, மரணச் சான்றிதழுக்கு வந்து கையெழுத்து வைக்கலாமே' எண்டு ஒருத்தன் கேட்கிறான். பதினைஞ்சு வருசம் பிள்ளை. அந்தக் கையெழுத்தை வைக்கமாட்டன் எண்டுதான் மழையிலையும் வெயிலிலையும் ரோட்டோரக் கொட்டகையிலை, பிள்ளையளைத் தேடுற மற்றத் தாய்மாரோட இருக்கிறன். உன்ர புத்தகம் எனக்காக வைச்சுக் குடுத்திட்டுது."

"நான் தெரியாமல்..."

"வெள்ளிக்கிழமை கொட்டகையிலை எல்லாரும் கூடுவினம். அதுக்கு முதல் நீ எழுது. இப்பிடி ஒரு தகப்பன் இல்லை, இதை நாங்கள் கட்டினது எண்டு எழுது."

யதுர்ஷிகா விரித்துக் கிடந்த இதழைப் பார்த்தாள். கட்டியது என்று எழுதினால் மற்றப் பக்கங்கள் என்னாவது? பிள்ளைக்குப் படைத்ததைச் சொல்லி அழுத தாய், தகப்பனின் சாராயப் போத்தலைச் சொன்ன மகன், எல்லாரும் கட்டுக்கதை ஆகிவிடுவார்கள். நம்பித் தந்தவர்கள். சொன்னதைச் சொன்னபடி போடுவோம் என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் அவள் வீடு வீடாகக் கேட்டு வாங்கினாள்.

"பொய் எழுத ஏலாது, அம்மா."

"இத்தினை வருசமும் ஊர் உலகமெல்லாம் எங்களுக்குப் பொய் சொல்லிச்சுது. நீ ஒரு பொய்யைச் சொன்னால் குறைஞ்சு போவியோ?"

"சொன்னவர் ஆரெண்டு..."

"பேரைச் சொல்லாதை." கமலாட்சி கையை உயர்த்தித் தடுத்தா. "சம்பலுக்குப் பனங்கட்டி போடுறதெண்டு இருக்கு. நான் போடுறேல்லை. வயலிலை வைச்சு ஆர் அவனுக்குப் போட்டுக் குடுத்தது எண்டு எனக்குத் தெரியும். நீ சொல்லி நான் அறிய வேண்டியதில்லை. ஆனால் உன்ர வாயாலை அந்தப் பேர் வந்தால், பிறகு நான் அந்த மனுசனோட ஒரு கூரைக்குக் கீழை இருக்க மாட்டன். சொந்த வீட்டிலையே படையல் போட்டவளுக்குக் கொட்டகையிலையும் இடமில்லை. அதுதான் சொல்லுறன், ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு எழுது. எனக்கு வீடு மிஞ்சட்டும்."

பாருங்கள் பிள்ளைகளே, உண்மையைக் கேட்டு வருகிறவர்களைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். இவா உண்மை தெரிந்துகொண்டு, அதைப் புதைக்க மண்வெட்டி கேட்டு வந்தா.

யதுர்ஷிகா இல்லை என்று தலையாட்டினாள். கமலாட்சி இதழை மடித்துப் பைக்குள் வைத்தா. பிறகு எழுந்து, கடையின் முன்பக்கம் போய், தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே வாசற்படியில் ஒரு துணியை விரித்து இருந்தா. பையிலிருந்து பிளாஸ்ரிக் ஒட்டிய படம் ஒன்றை எடுத்து மடியில் நிமிர்த்தி வைத்தா. மீசை அரும்பிய ஒரு பெடியன், படம் எடுக்கிறவனைப் பார்த்து முழித்துக்கொண்டு.

"எழுதும் வரைக்கும் இருக்கிறன்," என்றா. "இருந்து பழகினனான்."

இருந்து பழகின ஆட்களோடு ஒருவராலும் வெல்ல முடியாது. வெயில் ஏறியது. கொப்பி எடுக்க வந்தவர்கள் படியில் ஏறத் தயங்கினார்கள். மடியில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுக் கடையைப் பார்த்தார்கள். "கனகலிங்கத்தார் ஆரைப் பிடிச்சு வைச்சிருக்கிறார்?" என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் கைப்பேசியில் படம் எடுத்து முகநூலில் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முகப்பில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

கனகலிங்கத்தார் பின்னறைக்கு ஓடி வந்தார். "தங்கச்சி, ஒண்டில் அவாவை எழுப்பு. இல்லையெண்டால் நீ எழும்பு. சோடா உடைச்சுக் குடுத்தன், தொடேல்லை. அவாவுக்குச் சீனி வருத்தமாம், பக்கத்துக் கடைக்காரன் சொல்லுறான். சாப்பிடாமல் என்ர படியிலை மயங்கி விழுந்தால் நான் என்ன செய்யிறது?"

யதுர்ஷிகா தேத்தண்ணியும் பணிசும் கொண்டு போனாள். கமலாட்சி முகத்தைத் திருப்பவில்லை. "சாப்பாட்டுப் புத்தகக்காரி தாறது வேண்டாம்."

"அம்மா, உங்களுக்குச் சீனி..."

"எழுதினனியா?"

"இல்லை."

"அப்ப போ."

உதடு காய்ந்து வெளிறியிருந்தது. நெற்றியில் வேர்வை பொட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. யதுர்ஷிகா உள்ளே வந்து கணினியைத் திறந்தாள். 'ஸ்கந்தபுரத்துப் பக்கம் எங்கள் கற்பனை' என்று தட்டினாள். பார்த்தாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். ரூபன் பின்னால் நின்று வாசித்துவிட்டு, "போட்டிடுங்கோ அக்கா," என்றான். "ஒரு பக்கம்தானே. அவா செத்துப்போவா போல இருக்கு."

விரல் நகரவில்லை. அந்தத் தகப்பனை இல்லை என்று எழுதுவதா? தொலைபேசியில் அவருடைய குரல் இப்போதும் காதில் இருந்தது. பனங்கட்டி என்று சொன்னபோது கொஞ்சம் சிரித்தார்.

"மோட்டச்சைக்கிள் திறப்பைத் தா," என்றாள். "அவாவைப் பார்த்துக்கொள். விழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. எனக்குக் காத்திருக்காதை."

ஸ்கந்தபுரத்துக்குப் போகிற வழியெல்லாம் சிறுபோக அறுவடை. வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருந்தார்கள். புழுதி கண்ணில் அடித்தது. விசாரித்துப் போனபோது செல்வநாயகம் வயற்கரையில், படங்கில் பரப்பிய நெல்லுக்குள் நடந்து காலால் கிளறிக்கொண்டிருந்தார். உயர்ந்த மனிதர், கூனிப் போயிருந்தார். அவள் பேரைச் சொன்னதும் கால் நின்றது.

"கமலம் உங்கையோ வந்தவள்?"

"ஓம் ஐயா. காலமை தொடக்கம் வாசலிலை இருக்கிறா. தண்ணிகூடக் குடிக்கேல்லை."

அவர் காவல் கொட்டிலின் நிழலைக் காட்டினார். போய் இருந்தார்கள். அவர் அவளைப் பார்க்காமல் நெல்லைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"போன புரட்டாசியிலை, உந்த வரம்பிலை விளாம்பழம் விழுந்து கிடந்தது. யானை மிதிக்காமல் விட்டுப் போன ஒண்டு. எடுத்தன். மணத்துச்சுது. பதினைஞ்சு வருசமா அந்தப் பழத்தை நான் வாயிலை வைக்கேல்லை. அண்டைக்குக் குரக்கன் மா கொண்டு வந்து, இதிலை வைச்சுப் புட்டு அவிச்சன். இலை வெட்டினன். புட்டு வைச்சு, சம்பல் வைச்சு, செம்பிலை தண்ணி வைச்சு, சிட்டியிலை எண்ணெய் விட்டுத் திரியும் போட்டன். நெருப்புப்பெட்டி கையிலை. இனிக் கொளுத்திப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேணும்." கொஞ்சம் நிறுத்தினார். "கூப்பிட்டால் வந்திடுவானோ எண்டு பயம் பிள்ளை. கூப்பிட்டு வந்தானெண்டால் அவன் செத்தவன். வாய் திறந்தபடி இருந்தன். சத்தம் வரேல்லை. நெருப்புப்பெட்டியை மடிக்குள்ளை வைச்சிட்டு, புட்டை நானே திண்டன்."

யதுர்ஷிகா தலை குனிந்து இருந்தாள். "அப்ப ஏன் ஐயா எனக்குச் சொன்னனீங்கள்?"

"எத்தினை பேர் வந்து கேட்டவை. என்ன உயரம், என்ன நிறம், கடைசியாய் என்ன உடுப்புப் போட்டிருந்தவன், எங்கை வைச்சுக் கண்டது. என்ன சாப்பிடுவான் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை. நீ கேட்டாய்." கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் துடைத்தார். "ஆனால் பிள்ளை, புத்தகத்தைத் திறந்தால் படத்திலை விளக்கு எரியுது. அதைக் கண்டாப் பிறகு நான் வீட்டிலை தலை நிமிர்த்தேல்லை. நான் கொளுத்தாததை என்ர பேரிலை ஆரோ கொளுத்திட்டினம்."

நெற்றியில் யாரோ சுட்டது போல இருந்தது யதுர்ஷிகாவுக்கு. அந்தப் படம் எடுத்த மத்தியானம் நினைவு வந்தது. விளக்கைக் கொஞ்சம் இலைப்பக்கம் தள்ளு ரூபன், சுடர் நல்லா விழும் என்று அவள்தான் சொன்னாள்.

"நான் கொளுத்தினனான், ஐயா."

அவர் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கோ ஐயா. அம்மாவுக்குச் சொல்ல வேணும். நான் சொல்லுறன், நீங்கள் பக்கத்திலை நிண்டால் காணும்."

"என்ர முகத்திலை அவள் முழிக்க மாட்டாள்."

"அவா பேரைச் சொல்லாதை எண்டு எனக்குச் சொன்னவா. உங்களை விட்டிட்டுப் போக ஏலாமல்தான் சொன்னவா."

கிழவர் எழும்பி, படங்கின் மூலையை மடித்து ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, தோளில் துவாயைப் போட்டார். "நீ சொல்ல வேண்டாம்," என்றார். "சொல்லுறதை நான் சொல்லுறன்."

அவர்கள் திரும்பி வந்தபோது கூட்டம் ஒழுங்கையை அடைத்து நின்றது. கமலாட்சி சுவரில் சாய்ந்திருந்தா. கண் பாதி மூடியிருந்தது. படம் மட்டும் நிமிர்ந்தபடி. ரூபன் பக்கத்தில் குந்தியிருந்து புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தான். புருசனைக் கண்டதும் அவாவின் முதுகு சுவரை விட்டு எழும்பியது. முகம் கல்லானது. யதுர்ஷிகாவைப் பார்த்து, "கூட்டிக்கொண்டு வந்திட்டியோ," என்றா. அந்தச் சொல்லில் இருந்தது வெறும் கோபமல்ல. இனி ஒன்றும் மிஞ்சாது என்ற பயம்.

செல்வநாயகம் படியில் ஏறவில்லை. கீழே, வெயிலில், மண்ணில் குந்தினார். கூட்டம் அடங்கியது.

"கமலம்."

அவா முகத்தை ஒழுங்கைப் பக்கம் திருப்பினா.

"இலை போட்டனான். புட்டு வைச்சனான். உண்மை."

அவாவின் கை படத்தின் விளிம்பை இறுக்கியது. பிளாஸ்ரிக் நெரிந்த சத்தம் யதுர்ஷிகாவுக்குக் கேட்டது.

"கொளுத்தினனீங்களோ?"

"இல்லை."

"பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்களோ?"

"இல்லை. வாய் வரேல்லை."

"படத்திலை எரியுதே."

"நான் கொளுத்தேல்லை."

"ஆணை?"

"அவன் தலையிலை ஆணை."

கமலாட்சி அவரைப் பார்த்தபடி இருந்தா. எங்கள் பக்கத்தில் செத்தவர் தலையில் யாரும் ஆணையிடுவதில்லை. ஆணையிட உயிருள்ள தலை வேண்டும். கூட்டத்தில் நின்ற வயதுபோன ஒருவர் தொப்பியைக் கழற்றினார், ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவன் தலையிலையோ," என்று மெதுவாகக் கேட்டா.

"அவன் தலையிலைதான்."

பிறகுதான் யதுர்ஷிகாவின் பக்கம் திரும்பினா. "அப்ப ஆர் கொளுத்தினது?"

"நான், அம்மா."

"ஏன்?"

சொல்ல நல்ல காரணம் ஒன்றைத் தேடினாள். கிடைக்கவில்லை. "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வடிவாய் இருக்க வேணும் எண்டு."

"வடிவுக்கு."

"ஓம்."

"ஒரு சொல் கேட்டனியா?"

"கேட்கேல்லை."

"உன்ர கன்னத்திலை ஒண்டு விட்டால் என்ன எண்டு கை துடிக்குது," என்றா கமலாட்சி, சந்தையில் மீன் விலை கேட்கிற சாதாரணக் குரலில். யதுர்ஷிகா படியில் ஒரு அடி கிட்ட வந்து நின்றாள். அடி விழவில்லை. "போய் எழுது. நீ கொளுத்தினது எண்டு உன்ர பேர் போட்டு எழுது. கற்பனை எண்டு எழுத வேண்டாம். இப்பவே. என்ர கண்ணுக்கு முன்னாலை."

கணினியைப் படிக்கே தூக்கி வந்தார்கள். அவள் முதலில் 'ஆழ்ந்த மன்னிப்பை' என்று தொடங்கினாள். கமலாட்சி எட்டிப் பார்த்து, "மன்னிப்புப் பேந்து. முதல் விளக்கு," என்றா. அழித்துவிட்டு எழுதினாள்:

'படையல் இதழில் ஸ்கந்தபுரத்துப் பக்கத்தில் எரிகிற விளக்கை அந்த வீட்டில் ஒருவரும் கொளுத்தவில்லை. கொளுத்தியது நான், யதுர்ஷிகா. அந்த வீட்டாரைக் கேட்காமல் கொளுத்தினேன். அந்த வீட்டுப் பிள்ளையை அவர்கள் தேடுகிறார்கள். அவனுக்குக் குரக்கன் புட்டும் விளாம்பழச் சம்பலும் பிடிக்கும்.'

கனகலிங்கத்தார் மெசினை ஓடவிட்டார். சூடாக வந்த முதல் தாளைக் கமலாட்சி வாங்கி, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக வாசித்தா. மடித்துப் பையில் வைத்தா. எழும்பப் பார்த்தபோது கால் மரத்துத் தள்ளாடியது. செல்வநாயகம் கையை நீட்டினார். அவா அந்தக் கையைப் பிடிக்கவில்லை, ரூபனின் தோளைப் பிடித்தா. கனகலிங்கத்தாரிடம் கேட்டு ஒரு பிளேன் ரீயும் பணிசும் வாங்கிச் சாப்பிட்டா. சாப்பாட்டுப் புத்தகக்காரியிடம் கடைசிவரை ஒன்றும் வாங்கவில்லை. பஸ்சில் இருவரும் முன்னும் பின்னுமாக வேறு வேறு சீற்றில் இருந்து போனதை ரூபன் கண்டான்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் யதுர்ஷிகாவின் கைப்பேசிக்கு அது தெரியவில்லை. அந்தத் தாள் முகநூலில் ஏறிய பிறகு குரல்கள் வரத் தொடங்கின.

"உது என்ன வேலை பிள்ளை? எங்கட அப்பாவுக்குப் படைச்ச இலைக்கும் நீதான் விளக்குக் கொளுத்தினனியோ? நாங்கள் கொளுத்தின விளக்கு எண்டு வெளிநாட்டிலை உள்ள சகோதரங்களுக்கெல்லாம் படத்தைக் காட்டினனாங்கள்."

"இனி உங்கட புத்தகம் எங்கட கடைக்கு வேண்டாம். பிணக்குப் பிடிச்ச புத்தகம்."

பிறகு, நண்டுக் குழம்பு சொன்ன அந்தப் பூநகரிக்காரி. இந்த முறை பகிடி இல்லை. "பிள்ளை, படையல் புத்தகத்துக்கு நான் சொன்ன பாரை மீன் தீயல், அது என்ர தம்பிக்கு. அவன் கடலாலை போனவன். செத்தான் எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. நான் படைக்கிறேல்லை. நீங்கள் கேட்ட உடனை ஆசையிலை சொல்லிப்போட்டன். எங்கட பக்கத்திலை இருக்கிற விளக்கையும் எடுத்துவிடுங்கோ."

யதுர்ஷிகா அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து, படையல் இதழில் பதில் சொன்ன வீடுகளை ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கினாள். முதல் வீட்டில் ஒரு கிழவர் எடுத்தார். வணக்கம் சொல்லிவிட்டு நின்றாள். இந்த ஊரில் ஒருவரும் ஒருவரையும் கேட்காத கேள்வி அது.

"ஐயா, குறை நினைக்காதையுங்கோ. உங்கட மகன் செத்தது உங்களுக்குத் தெரியுமா, இல்லாட்டி தேடுறியளா?"

திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியும் பிள்ளை," என்றார் கிழவர். "என்ர கையாலைதான் புதைச்சனான். ஆனால் நீ கேட்டது நல்லது. அவன்ர இலைக்கு விளக்கு இருக்கட்டும்."

அப்படி ஒவ்வொரு வீடாகக் கேட்டாள். சிலர் கேட்ட உடனே வைத்துவிட்டார்கள். ஒரு தாய் தொடங்கின இடத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னா. அடுத்த இதழ் நேரத்துக்கு வரவில்லை, வந்தபோது மெலிந்து வந்தது. வாங்குகிறவர்களும் குறைந்துபோனார்கள். அவள் இன்னும் விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கமலாட்சி கொட்டகைக்குப் போனா. அந்தத் தாள் ஏற்கெனவே அங்கே கை மாறிக் கை மாறிக் கசங்கிக் கிடந்தது. ஒருத்தி முகத்தைத் திருப்பினாள். இன்னொருத்தி, "இலை போட்டது உண்மைதானாமே," என்று காதில் விழும்படி சொன்னாள். கமலாட்சி மறுக்கவில்லை. "ஓம், போட்டவர்," என்றா. "கொளுத்தேல்லை." பாயின் ஓரத்தில் இருந்த ஒரு கிழவி, தன் வெற்றிலைப் பையைத் தூக்கி மற்றப் பக்கம் வைத்து இடம் விட்டா. கமலாட்சி போய் இருந்தா.

வீட்டில் அவா செல்வநாயகத்துக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறா. அவர் தின்கிறார். பேச்சுக் கதை இல்லை. நெல்லு மூட்டை கட்டும்வரைக்கும் கதை இல்லை. ஆனால் கூரை ஒன்றுதான்.

இவ்வளவுதான் பிள்ளைகளே. எழும்பிப் போங்கள், பொழுது பட்டுவிட்டது. உங்கள் வீட்டு அடுப்பு ஒரு நாளும் ஆறாமல் இருக்கட்டும். இலை போட்டால் தின்ன ஆட்கள் நிறைந்திருக்கட்டும். உங்கள் வீட்டில் யாரையாவது இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களென்றால், அவர் தன் காலால் நடந்து வந்து, பசிக்குது என்று கேட்கட்டும்.